அறுக்கிற கையும் எழுதுகிற கையும்

எங்கப்பா ஒரு மாவட்டத் தலைமை மருத்துவமனையின் பிணவறையில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தார். ரிஜிஸ்டரில் அவர் பதவி துப்புரவுப் பணியாளர். பார்த்த வேலை பிணம் அறுப்பது. விதிப்படி அறுக்க வேண்டியவர் டாக்டர். எங்கப்பா தண்ணி ஊத்தணும், மேசையைக் கழுவணும், கடைசியில தச்சு, துணியில சுத்திக் கொடுக்கணும், அவ்வளவுதான். நடந்தது அப்படியில்லை. டாக்டர் வாசப்படியில் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு நிற்பார். அப்பா அறுத்து, ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுவார். "ஈரல் எப்பிடிய்யா இருக்கு?" "வீங்கியிருக்கு சார்." "வயித்துல?" "கருப்பா தண்ணி சார், பூச்சிமருந்து வாடை அடிக்குது." டாக்டர் எழுதிக்கொள்வார். அந்த எழுத்து போலீசுக்குப் போகும், கோர்ட்டுக்குப் போகும்.

ஒரு தடவை புருஷன் வீட்டில் தூக்குப் போட்டுக்கொண்டதாகச் சொல்லி ஒரு இளம்பெண்ணின் உடம்பு வந்தது. அப்பா கழுத்தைத் திறந்து பார்த்துவிட்டு, "இது கயிறு அறுத்ததில்ல சார், கை வச்சு அமுக்கின மாதிரி இருக்கு, உள்ள எலும்பு ஒடிஞ்சிருக்கு" என்று சொன்னாராம். டாக்டர் அதை எழுதினாரா, எழுதவில்லையா? அப்பாவுக்குத் தெரியாது. அவருக்குப் படிக்கத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அது இங்கிலீஷ்.

இதைச் சொன்னவுடன் சில தோழர்கள் "உழைக்கும் மக்களின் அறிவு" என்று பேச ஆரம்பித்துவிடுவார்கள். வேண்டாம். எங்கப்பா டாக்டரைவிடப் பெரிய டாக்டர் என்று சொல்ல நான் வரவில்லை. ஈரல் வீங்கியிருப்பது அவருக்குத் தெரியும், ஏன் வீங்கியது என்று தெரியாது. அந்த ஏன் என்பதுதான் படிப்பு. அந்தப் படிப்பை அவருக்கு யாரும் கொடுக்கவில்லை, அவர் அதைக் கேட்கலாம் என்றுகூட யாரும் சொல்லவில்லை. அந்தப் படிப்பை நான் மட்டமாகப் பேச மாட்டேன். அது வேணும் என்றுதான் என் வயசுக்காலம் முழுக்க ஏங்கினேன். என் கேள்வி வாசலைப் பற்றியது. தகுதி தகுதி என்று சொல்லி வாசலில் ஒரு கோலை வைத்து அளக்கிறார்கள். கோலை மாற்றும்போதெல்லாம் தகுதியான ஆளும் மாறிவிடுகிறார். அப்படியானால் இத்தனை காலம் அவர்கள் அளந்தது எதை?

கொஞ்சம் பழைய கதை. 1960களில் சென்னை மாநிலத்தில் மருத்துவக் கல்லூரி இடங்களை மாவட்டவாரியாக, அந்தந்த மாவட்டத்து மக்கள்தொகைப்படி பிரித்துக் கொடுத்தார்கள். பிரிக்காமல் விட்டால் வசதி வாய்ப்புள்ள சென்னை நகரத்துப் பிள்ளைகளே இடங்களை அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள் என்பது அரசு சொன்ன காரணம். 1968இல் உச்சநீதிமன்றம் இது சமத்துவத்துக்கு விரோதம் என்று அடித்துவிட்டது. ஒரு மாவட்டத்தில் அதிக மார்க் வாங்கினவன் வெளியே நிற்க, இன்னொரு மாவட்டத்தில் குறைந்த மார்க் வாங்கினவன் உள்ளே போகலாமா என்று கேட்டது. நியாயமான கேள்வி மாதிரிதான் இருக்கிறது. ஆனால் பள்ளிக்கூடமே இல்லாத மாவட்டத்தில் பிறந்தவனையும் தெருவுக்கு ஒரு பள்ளிக்கூடம் உள்ள ஊரில் பிறந்தவனையும் ஒரே வரிசையில் நிறுத்தினால் அதற்குச் சமத்துவம் என்று பேர் வைக்கலாமா என்பதும் ஒரு கேள்வி. அதை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

அப்புறம் நேர்முகத் தேர்வு. பாடத்துக்கு 200 மார்க், ஆளை நேரில் பார்த்துப் பேசுவதற்கு 75 மார்க். அந்த 75ஐ எதெதற்கு எவ்வளவு என்று பிரித்துப் போடாமல் மொத்தமாகப் போட்டதை உச்சநீதிமன்றமே 1970இல் கண்டித்தது. எழுதின தாளில் முகம் தெரியாது. நாற்காலிக்கு எதிரே வந்து உட்கார்ந்தால் எல்லாம் தெரியும்: சட்டை, செருப்பு, பேச்சு, அப்பா என்ன வேலை. சேரியிலிருந்து வந்த ஒரு பையன் அந்த அறையில் என்ன "தகுதி"யோடு உட்கார்ந்திருப்பான் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

1984இல் நுழைவுத் தேர்வைக் கொண்டுவந்தார்கள். பன்னிரண்டாம் வகுப்புப் பாடங்களுக்கு 200, நுழைவுத் தேர்வுக்கு 100, மொத்தம் 300. நான் 1992இல் எழுதினேன்.

எங்கள் பள்ளிக்கூடம் அரசுப் பள்ளி, தமிழ் மீடியம். இயற்பியல் வாத்தியார் பதினோரு மாசம் இல்லை. நானே கோனார் நோட்ஸ் மாதிரி கிடைத்ததையெல்லாம் வாங்கி, ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸ் பின்பக்கம் தெருவிளக்கில் படித்து 200க்கு 171 எடுத்தேன். அப்பா ஆஸ்பத்திரி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். நுழைவுத் தேர்வு அன்றைக்குத்தான், நாலு விடையில் ஒன்றைப் பென்சிலால் நிரப்புகிற தாளை முதல்முதலாகப் பார்த்தேன். எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பையன் கேள்வியைப் படிக்கும் முன்பே எந்த விடையை அடிக்கணும் எந்த விடையை விடணும் என்று ஒரு கணக்கு வைத்திருந்தான். மூணு மாசம் டவுனில் தங்கிக் கோச்சிங் போனவன். நான் ஒவ்வொரு கணக்கையும் படிப்படியாகப் போட்டுக்கொண்டிருந்தேன், பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் போடச் சொன்னார்கள். மணி அடித்தபோது பாதிக்கு மேல் காலி. 100க்கு 38. கட் ஆஃப் என்னைத் தாண்டிப் போய்விட்டது, எங்கள் ஒதுக்கீட்டிலும்தான்.

என்னைவிட அந்தப் பையன் நல்ல டாக்டர் ஆகியிருப்பானா? ஆகியிருக்கலாம். அவன்மேல் எனக்குக் கோபம் கிடையாது. ஆனால் அன்றைக்கு அந்தத் தாள் அளந்தது மருத்துவனாகும் தகுதியை அல்ல. அந்தத் தாளைப் பழகியவன் யார் என்பதைத்தான் அளந்தது.

2006இல் சட்டம் போட்டு, 2007இல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைத்து நுழைவுத் தேர்வு போனது. அதற்குப் பின் பத்து வருஷம் பன்னிரண்டாம் வகுப்பு மார்க் மட்டும்தான். அந்தப் பத்து வருஷத்தைப் பொற்காலம் என்று இன்றைக்குச் சிலர் பேசுகிறார்கள். நாம் நம்மை ஏமாற்றிக்கொள்ளக் கூடாது. கோச்சிங் சென்டர் போன இடத்தில் நாமக்கல் பக்கத்து உண்டு உறைவிடப் பள்ளிகள் வந்து உட்கார்ந்தன. பதினோராம் வகுப்புப் பாடத்தைத் தொடாமலே ரெண்டு வருஷமும் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தை உருப்போட வைத்தார்கள், கோழிப்பண்ணையில் தீனி போடுகிற மாதிரி. அங்கே கட்டப் பணமிருந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு 1200க்கு 1180 வந்தது. அரசுப் பள்ளியிலிருந்து மருத்துவத்துக்குப் போனவர்கள் அப்பவும் கொஞ்சம் பேர்தான். இதைச் சொன்னால் நீட்டை ஆதரிக்கிறவன் என்று முத்திரை குத்துகிறார்கள். குத்தட்டும்.

ஆனால் அந்தக் காலத்தில் ஒரு விஷயம் இருந்தது. அதை இப்போதுதான் நினைத்துப் பார்க்கிறேன். தன் ஊர்ப் பள்ளிக்கூடத்தில், தன் பாஷையில், தன் வாத்தியாரிடம் படித்த பாடத்தைப் பரீட்சை கேட்டது. அதில் முட்டிமோதிக் கரையேற ஒரு சந்து இருந்தது. குழுமூர் அனிதா அந்தச் சந்தில் வந்தவர். மூட்டை தூக்குகிறவரின் மகள், 1200க்கு 1176. மருத்துவக் கட் ஆஃப் 200க்கு 196.75. அதே பெண்ணுக்கு 2017இல் நீட்டில் 720க்கு 86. உச்சநீதிமன்றம்வரை போய்ப் பார்த்தார். 2017 செப்டம்பர் 1ஆம் தேதி செத்துப்போனார். இந்த ரெண்டு எண்ணில் எது அனிதா? முந்தின வருஷம்வரைக்கும் முதல் எண்ணை வைத்து இடம் கொடுத்த அதே அரசமைப்பு, அந்த வருஷம் ரெண்டாவது எண்ணைக் காட்டி, நீ தகுதியில்லாதவள் என்றது. ஒரு ஆள் ஒரே கோடையில் தகுதி உள்ளவராகவும் இல்லாதவராகவும் இருக்க முடிகிறது என்றால், தகுதி அந்த ஆளிடம் இருக்கிற குணமா, அல்லது வெளியே யாரோ ஒட்டுகிற சீட்டா?

நீட் எப்படி நடந்தது என்பதும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். காதுத் தோட்டைக் கழற்றச் சொன்னார்கள், முழுக்கைச் சட்டையைக் கத்தரித்தார்கள். 2018இல் நம் பிள்ளைகளை எர்ணாகுளத்துக்கும் ராஜஸ்தானுக்கும் அனுப்பினார்கள். மகனைப் பரீட்சைக்கு அழைத்துப் போன ஒரு தகப்பன் எர்ணாகுளத்தில் செத்தே போனார். அதே வருஷம் தமிழ்க் கேள்வித்தாளில் 49 கேள்வி தப்பு என்று வழக்குப் போனது. மதுரை உயர்நீதிமன்றக் கிளை 196 மார்க் கொடுக்கச் சொன்னது, உச்சநீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021இல் கொடுத்த அறிக்கையைப் படித்தால், இடம் பிடித்தவர்களில் பத்துக்கு ஏழு பேர் ரெண்டாவது மூணாவது தடவை எழுதினவர்கள். ஒரு வருஷம் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டு, லட்சக்கணக்கில் கட்டிப் படிக்க யாரால் முடியும்? எங்கள் காலனியில் பன்னிரண்டாவது முடித்த பிள்ளை ஒரு வருஷம் சும்மா இருந்தால் பெண்ணுக்குக் கல்யாணம், பையனுக்குத் திருப்பூர். சட்டமன்றம் ரெண்டு தடவை விலக்குக் கேட்டுச் சட்டம் போட்டது. ரெண்டும் டெல்லியில் மறுக்கப்பட்டுவிட்டன, ரெண்டாவது மறுப்பு 2025இல் தெரிந்தது.

இந்தப் பரீட்சைதான் தரத்தைக் காப்பாற்றுகிறது என்கிறவர்களிடம் ஒரே ஒரு சேதி. 2023 செப்டம்பரில், மேல்படிப்புக்கான நீட்டில் தகுதி எல்லையைப் பூஜ்யம் பெர்சன்டைல் ஆக்கினார்கள். அதாவது பரீட்சை எழுதப் போய் உட்கார்ந்தவர் எல்லோருக்கும், மைனஸ் மார்க் வாங்கினவருக்கும்கூட, தகுதி உண்டு. ஏன்? இடங்கள் காலியாகக் கிடந்தன. காசு கட்டினவருக்காகக் கோலைத் தரையில் போடலாம் என்றால் தரம் சாகாது. எங்கள் பிள்ளைகளுக்காக ஒரு விரல்கடை இறக்கினால் மட்டும் தேசமே நோயில் படுத்துவிடும்.

அண்ணல் அம்பேத்கர் 1907இல் மெட்ரிகுலேஷனில் வாங்கினது 750க்கு 282. இதற்கு மேல் நான் எதுவும் சொல்லவில்லை.

இதுவரைக்கும் எழுதினது மேடையில் பேசுகிற விஷயம். கை தட்டுவார்கள். இனிமேல் எழுதப்போவதை நான் மேடையில் சொன்னதில்லை.

டாக்டர் ஆகாத நான் லேப் டெக்னீஷியன் ஆனேன். ரத்தம், சளி, சீழ் பார்க்கிற வேலை. 2004இல் எங்கம்மாவுக்குப் பித்தப்பையில் கல். நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலேயே ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்தார்கள். அறுக்க வேண்டிய டாக்டர் நம்ம ஆளு. எனக்குத் தெரியும், அவருக்கும் என்னைத் தெரியும், ரெண்டு பேரும் அதைப் பேசிக்கொண்டதில்லை. ஆஸ்பத்திரியில் அப்படித்தான் இருப்போம். அன்றைக்கு லேபில் கூட வேலை செய்த ஒருத்தர், நல்ல மனுசர், எனக்கு அவசரத்துக்குக் கைமாற்று கொடுத்தவர், டீ குடிக்கும்போது மெதுவாகச் சொன்னார்: "தம்பி, தப்பா நெனைக்காத. அவரு கோட்டால வந்தவரு. அம்மா விஷயம், யோசிச்சுக்க."

நான் யோசித்தேன். கோபப்பட்டிருக்க வேண்டியவன், ராத்திரி முழுக்க உட்கார்ந்து யோசித்தேன். விடிந்ததும் அம்மாவை டிஸ்சார்ஜ் பண்ணி ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அங்கே அறுத்தவர் அந்த ஆஸ்பத்திரி முதலாளியின் மகன். பக்கத்து மாநிலத்தில் நன்கொடை கட்டிச் சேர்ந்து படித்துவிட்டு வந்தவர் என்று ஊருக்கே தெரியும். அவர் என்ன மார்க் வாங்கினார் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவே இல்லை. 38,000 ரூபாய், பாதி வட்டிக்கு வாங்கினது. ஆபரேஷன் நல்லபடியாகத்தான் நடந்தது. அதனால் இந்தக் கதையில் எனக்குத் தண்டனை எதுவும் கிடைக்கவில்லை.

எனக்கு உறுத்துவது என்னவென்றால், அந்த டாக்டரை அளக்க என் கையிலேயே ஒரு கோல் இருந்தது. ஆபரேஷன் ஆன புண் சீழ் பிடித்தால் அந்தச் சீழ் சோதனைக்கு என் மேசைக்குத்தான் வரும். எந்த டாக்டர் யூனிட்டிலிருந்து எத்தனை வருகிறது என்று எனக்கு மனசில் கணக்கு உண்டு, எல்லா லேப்காரனுக்கும் இருக்கும். அவர் யூனிட்டிலிருந்து வருவது குறைவு. அவர் போட்ட தையல் கெட்டுப்போகாது. அஞ்சு வருஷமாக என் கண்ணால் பார்த்த விஷயம். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, அவர் பதினேழு வயசில் ஏதோ ஒரு பரீட்சையில் வாங்கின மார்க்கை, அதுவும் எவ்வளவு என்றே எனக்குத் தெரியாத மார்க்கை எடுத்து அவரை அளந்தேன். உள்ளே போன பிறகு எல்லோருக்கும் ஒரே பாடம், ஒரே பரீட்சை, ஒரே பாஸ் மார்க். ஒதுக்கீட்டில் யாரும் எம்.பி.பி.எஸ். பாஸ் பண்ணுவதில்லை. இதையெல்லாம் கூட்டத்தில் நானே பேசியிருக்கிறேன். அம்மாவின் வயிறு என்று வந்ததும் அந்தப் பேச்சு எனக்கே உதவவில்லை.

அதற்கப்புறம்தான் நுழைவுத் தேர்வு என்ன வேலை செய்கிறது என்று எனக்குப் புரிந்தது. இடம் யாருக்கு என்று தீர்ப்பதோடு அது நிற்பதில்லை. உள்ளே போனவர் மேல் ஒரு சூடு போட்டு அனுப்புகிறது. அவர் எத்தனை உயிரைக் காப்பாற்றினாலும் அந்தச் சூடு ஆறாது. முன்பு ஊர் எது, தெரு எது என்று கேட்டுச் சாதியைத் தெரிந்துகொண்டார்கள். இப்போது ரேங்க் எவ்வளவு என்று கேட்டால் போதும், நாகரிகமாக இருக்கிறது. டெல்லி எய்ம்ஸில் தலித், பழங்குடி மாணவர்கள் தொந்தரவு தாங்காமல் விடுதியின் மேல்மாடியில் ஒதுங்கி வாழ்ந்ததைத் தோரட் குழு 2007இலேயே எழுதிவைத்தது. மும்பையில் பாயல் தட்வி என்கிற பழங்குடி டாக்டர் 2019 மே மாதம் உயிரை விட்டார். அவர் எல்லாப் பரீட்சையும் தாண்டி மேல்படிப்பில் இருந்தவர்.

இன்னொரு வாதம் உண்டு, நம் ஆட்களே சொல்வது. நம் பிள்ளைகள் டாக்டரானால் கிராமத்துக்குப் போவார்கள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருப்பார்கள், அதனால் இடம் கொடு என்று. நானும் ரொம்ப நாள் சொன்னேன். இப்போது சொல்வதில்லை. மத்தவன் பிள்ளை படித்துவிட்டு அமெரிக்கா போகலாம், அது அவன் உரிமை. எங்கள் பிள்ளை மட்டும் சேவை செய்வேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு உள்ளே வரணுமா? இது பழைய ஊழியத்துக்குப் புதுப் பேரில்லையா? அப்படியானால் மருத்துவ இடம் என்பது என்ன, மார்க்குக்குப் பரிசா, சேவைக்கு முன்பணமா? எனக்குச் சரியாகச் சொல்ல வரவில்லை. ஆனால் எல்லோருடைய வரிப்பணத்திலும் கட்டிய கல்லூரி, எல்லோருடைய பிணத்தையும் அறுத்துப் படிக்கிற படிப்பு. அனாதைப் பிணம் என்று மேசைக்கு வருவதில் முக்கால்வாசி யாருடைய பிணம் என்று எங்கப்பாவுக்குத் தெரியும். செத்த பிறகு மேசையில் படுக்க எங்களுக்குத் தகுதி இருக்கிறது. உயிரோடு அந்த மேசைக்குப் பக்கத்தில் நிற்க எதற்குத் தனியாக ஒரு சான்றிதழ்?

அந்த டாக்டரை அப்புறம் ஒரு மாசம் கழித்து வராந்தாவில் பார்த்தேன். ஒதுங்கப் பார்த்தேன், முடியவில்லை. "அம்மா எப்பிடி இருக்காங்க?" என்று கேட்டார். "நல்லா இருக்காங்க சார்" என்றேன். தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். அவருக்கு விஷயம் தெரியுமா தெரியாதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்திருக்கும். அவர் இப்போது ஓய்வுபெற்றுவிட்டார். இதை அவர் படித்தால் படிக்கட்டும்.

2020இல் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு வந்தது. அதற்கு முந்தின வருஷங்களில் ஒற்றை இலக்கத்தில் இருந்த அரசுப் பள்ளி எண்ணிக்கை முதல் வருஷத்திலேயே 300ஐத் தாண்டியது. அதே பரீட்சைதான், அதே பிள்ளைகள்தான். வரிசையை மட்டும் மாற்றி நிறுத்தினார்கள். அந்த 300 பேரில் என் தம்பி மகளும் ஒருத்தி. ஆதிதிராவிடர் நலப் பள்ளியில் படித்தவள். முதல்நாள் விடுதியில் சீனியர்கள் பேர் கேட்கும் முன்னே ஸ்கோர் கேட்டார்கள் என்று போனில் சொன்னாள். "என்ன சொன்ன?" என்றேன். "உள்ளத சொன்னேன் பெரியப்பா" என்றாள். 1992இல் என்னை யாராவது கேட்டிருந்தால் நான் பொய் சொல்லியிருப்பேன்.

மூணாம் வருஷம் படிக்கும்போது பிரேதப் பரிசோதனை பார்க்க அழைத்துப் போயிருக்கிறார்கள். அன்றைக்கு ராத்திரி கூப்பிட்டாள். "பெரியப்பா, தாத்தா மண்டையை எதால திறப்பாரு?"

"சுத்தியும் உளியும்தான். அப்புறம் ரம்பம் கொடுத்தாங்க."

"வாடை எப்பிடித் தாங்குவாரு?"

"சாராயம் போட்டுட்டுத்தான் உள்ளயே போவாரு. அதனாலதான் அம்பத்தெட்டுல போயிட்டாரு."

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னாள். இப்பவும் ஒருத்தர்தான் அறுக்கிறாராம், மேடம் தள்ளி நின்று சொல்லச் சொல்ல. பிள்ளைகளெல்லாம் குறிப்பெடுத்தார்களாம். முடிந்து எல்லோரும் வெளியே வரும்போது இவள் மட்டும் நின்று, "அண்ணே, ரொம்ப நன்றிண்ணே" என்று சொல்லியிருக்கிறாள். அவர் திரும்பவே இல்லையாம். மேசைக்குத் தண்ணி ஊத்திக்கொண்டே இருந்தாராம்.

"அவருக்குக் கேக்கலையோ என்னவோ" என்றேன்.

"கேட்டுச்சு பெரியப்பா. வேற யாரையோ சொல்றேன்னு நெனைச்சிட்டாரு."